தின்னத் தின்ன இளைத்த நாய்

என் தங்கை நாற்பத்தெட்டாவது வயதில் கல்யாணம் செய்துகொண்டு ஹைதராபாத் போனாள். எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு.

எங்கள் இருவருக்கும் அதுவரை ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. ஜாதகம், அப்பாவுக்கு வந்த பக்கவாதம், அம்மாவின் பயம், அப்புறம் பழக்கம். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து தில்லியில் குமாஸ்தாவாக இருந்தவர். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து, புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கு ஒரே பஸ்ஸில் போய் வந்து, இரண்டு பேரும் ஸ்டெனோகிராபர் தேர்வு எழுதி, இரண்டு வேறு அமைச்சகங்களில் வேலைக்குச் சேர்ந்தோம். அப்பா அம்மா போன பிறகு ஆர்.கே.புரத்தில் எனக்கு ஒதுக்கிய வீட்டில் இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக இருந்தோம். முதல் மாடி, இரண்டு அறை, ஒரு பால்கனி.

அவள் ஆபீஸில் இருந்த ஒரு தெலுங்குக்காரர், மனைவியை இழந்தவர், அவளைக் கேட்டிருக்கிறார். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னாள். நல்ல மனுஷர் என்று எனக்கும் தெரியும். "சரின்னு சொல்லுட்டி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். மலை மந்திர் முருகன் கோவிலில் மாலை மாற்றினார்கள். ரயிலடியில் அவளை ஏற்றிவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன்.

ஒருத்தி செத்துப்போனால் நாலு பேர் வந்து கூட உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி கல்யாணமாகிப் போனால் லட்டு எங்கே என்று கேட்பார்கள். ஆபீஸில் அப்படித்தான் கேட்டார்கள். வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியவில்லை. அரை டம்ளர் போட்டால் குக்கரில் அடிப்பிடித்தது. ஒரு டம்ளர் போட்டால் மறுநாளும் அதையே தின்ன வேண்டியிருந்தது. மறுநாளும் அதையே தின்றேன்.

இப்படி ஏழெட்டு மாதம் போனது.

கீழ் வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது. கணவர் டேராடூன் பக்கத்துக்காரர், மத்திய அரசு அதிகாரி. மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பையன்கள், அப்புறம் ஒரு அல்சேஷன் நாய். பெட்டை. இரண்டு வயது இருக்கும். படியேறும்போது அது கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று என் கைப்பையையே பார்க்கும். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் இருந்த பழக்கம். நாய்களை எனக்குப் பிடிக்கும் என்றோ பிடிக்காது என்றோ நான் யோசித்ததில்லை.

அந்த அதிகாரிக்கு வடகிழக்கில் எங்கோ மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தப் பெண் மேலே வந்து மணியடித்தாள். "தீதீ, பஸ் தஸ் தின்" என்றாள். அக்கா, பத்தே பத்து நாள். அங்கே வீடு கிடைத்ததும் ஆள் அனுப்பி நாயை வரவழைத்துக்கொள்வோம், அதுவரை வைத்துக்கொள்ள முடியுமா? நான் பதில் சொல்வதற்குள் இன்னொன்றும் சொன்னாள். "ரொம்ப புக்கட், தீதீ. எவ்வளவு போட்டாலும் இன்னும் கேட்கும். அது பார்க்கிற பார்வையை நம்பிடாதீங்க."

புக்கட் என்றால் பெருந்தீனிக்காரி. சரி என்றேன். ஏன் என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். பல மாதம் கழித்து ஒருவர் என் வீட்டு மணியை அடித்து என்னிடம் ஒன்றைக் கேட்டார். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பத்து நாள் இருபது நாளாயிற்று. நான் போன் செய்தால், "அடுத்த வாரம், தீதீ" என்றாள். அதற்கடுத்த மாதம் அந்த எண்ணை யாரும் எடுக்கவே இல்லை.

அதற்குள் எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. நாய் தின்றது. அது தின்ற விதத்தை நான் அதற்கு முன் எந்த உயிரிடமும் பார்த்ததில்லை. ஆறு சப்பாத்தியைப் பாலில் பிய்த்துப் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் பேசின் காலியாகிவிடும். காலி பேசினை நக்கிக்கொண்டே சமையலறையிலிருந்து பால்கனி வரை தள்ளிக்கொண்டு போகும். குக்கர் நிறையச் சோறும் பருப்பும் பிசைந்து வைத்தேன். தின்றுவிட்டுக் குப்பைக் கூடையைக் கவிழ்த்து உருளைக்கிழங்குத் தோலைத் தின்றது. ஆபீஸ் விட்டு வந்தால் ஒருநாள் வாசல் மிதியடி இருக்காது, ஒருநாள் துடைப்பத்துணி இருக்காது. துணி துவைக்கும் சோப்பைக் கடித்துத் தின்றிருந்தது. சொல்லக் கூசுகிறது, தன் மலத்தையே தின்றது.

இவ்வளவு தின்றும் அது இளைத்துக்கொண்டே போனது. முதுகெலும்பு ஒன்றொன்றாகத் தெரிந்தது. இடுப்பெலும்பு இரண்டும் கோட்டு மாட்டும் கொக்கிகள் மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. மயிர் மங்கிப்போய்த் தடவினால் கையோடு வந்தது. வயிற்றுக்குள் கடகடவென்று ஓடும் சத்தம் பக்கத்து அறையில் இருந்தாலும் கேட்கும்.

அதை நான், தங்கையைக் கூப்பிடுகிற மாதிரி, "ஏட்டி" என்றுதான் கூப்பிட்டேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. அதுவும் அந்த ஒரு சொல்லுக்குத் திரும்பக் கற்றுக்கொண்டது.

நான் எங்கே போனாலும் பின்னாலேயே வரும். குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே படுத்திருக்கும். சமையலறையில் நின்றால் என் காலோடு ஒட்டி நிற்கும். அதன் சூடு என் புடவை வழியாகத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் இன்னொருத்தியின் நடமாட்டத்துக்குப் பழகின வீட்டில் அந்தக் காலடிச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் தாங்காது. எதிரே வந்து உட்கார்ந்து தட்டிலிருந்து என் வாய்வரை ஒவ்வொரு கவளத்தையும் பார்க்கும். குரைக்காது. பிடுங்காது. பார்க்கும், அவ்வளவுதான். என்னால் விழுங்க முடியாமல் போகும். கடைசியில் நான் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். கதவுக்கடியில் இருக்கிற இடுக்கில் மூக்கை வைத்து அது மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருக்கும். என் சொந்த வீட்டில் திருடித் தின்பது போல இருந்தது.

தினமும் காலையிலும் மாலையிலும் அதைப் பூங்காப் பக்கம் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே பக்கத்து பிளாக்கைச் சேர்ந்த ஒரு பெண் தெருநாய்களுக்குப் பிஸ்கட்டும் பாலும் வைப்பாள். நல்ல காரியம் செய்கிறாளே என்று தூரத்திலிருந்து நினைத்ததுண்டு. ஒருநாள் அவள் என்னை நிறுத்தினாள்.

"மேடம், இதுக்கு ஏதாவது போடறதுண்டா, இல்லையா?"

"போடறேன். நிறையப் போடறேன்" என்று ஹிந்தியில் சொன்னேன்.

"அச்சா?" என்று என் நாயின் விலா எலும்புகளைக் கையால் காட்டினாள். "வைத்துக்கொள்ள முடியாவிட்டால் யாரிடமாவது கொடுத்துவிட வேண்டியதுதானே. இது பாவம் இல்லையா?"

எதைச் சொல்லி நிரூபிப்பது? நாய் அந்த நேரம் பார்த்து அவளுடைய பிஸ்கட் பையை நோக்கிக் கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னங்கால்களில் நின்றது. தெருநாய்கள் கூட அப்படி அலையவில்லை.

மறுநாள் காலனி வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பின்னாலிருந்து எடுத்தது. என் பாதி முதுகு, செருப்பு, என் பக்கத்தில் எலும்பும் தோலுமாக அந்த நாய். 'வெட்கம்' என்று ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் எழுதியிருந்தாள். கீழே அழும் முகங்கள், கூப்பிய கைகள். யார் இது என்று ஒருவர் கேட்டிருந்தார். முதல் மாடி மதராஸி ஆன்ட்டி என்று இன்னொருவர் பதில் எழுதியிருந்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு மேல் அதே மாடியில் இருக்கிறேன். என் பெயர் அவர்களில் யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் பெயரும் எனக்குத் தெரியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு வெளிச்சம் வருவதற்கு முன்பே நாயைக் கூட்டிப்போய் வந்துவிடுவேன்.

தங்கையிடம் போனில் சொன்னேன்.

"என்னதான் போடுத அதுக்கு?" என்றாள்.

"சோறு, பருப்பு, சப்பாத்தி, தயிரு. எல்லாந்தான் போடுதேன்."

"முட்டை போட்டுப் பாரேன்க்கா."

"ஏட்டி, நம்ம வீட்டுலயா?"

"நம்ம வீட்டுல இப்ப யாருக்கா இருக்கா, கேக்கதுக்கு?"

அவள் குத்திக் காட்டவில்லை. யதார்த்தமாகத்தான் சொன்னாள். மறுநாள் மூலைக் கடையில் முட்டை வாங்கி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, ஒரு பழைய பால் பாத்திரத்தில் அவித்தேன். எங்கள் சைவக் குடும்பத்தில் எந்தத் தலைமுறையிலும் யாரும் அவித்திருக்க மாட்டார்கள். நாய் ஓட்டோடு தின்றது. ஆனாலும் இளைப்பு நிற்கவில்லை.

மருத்துவரிடம் காட்டாமல் இல்லை. ஒரு கிளினிக்கில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு கிளினிக்கிலும் பூச்சி மாத்திரைதான் கொடுத்தார்கள். நிறம் வேறாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அதற்கு அன்று மூன்றாவது முறை சோறு வைத்தாயிற்று. நான் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் நுழைவதற்குள் அது என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தது. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நியூஸ்பேப்பரைச் சுருட்டி அதை அடித்தேன். முகத்திலும் முதுகிலும் அடித்தேன். "இன்னும் என்னட்டி வேணும் ஒனக்கு? என்னையத் தின்னு! இந்தா, என்னையத் தின்னு!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும். அது ஓடவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டு நான் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தது. முடிந்ததும் கண்ணைத் திறந்து மறுபடியும் தட்டைப் பார்த்தது.

அடிக்குப் பழகின நாய் அது என்று அப்போது எனக்குப் புரிந்தது. என் தட்டை அதன் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனேன்.

அடுத்த வாரம் முனிர்கா பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் வயதான கால்நடை மருத்துவரைப் பற்றி ஆபீஸில் ஒருவர் சொன்னார். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றவர். நாயைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, சுவரில் ஒரு பசுவின் படம். நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன், காலையில் இவ்வளவு போடுகிறேன், மத்தியானத்துக்கு இவ்வளவு வைத்துவிட்டுப் போகிறேன் என்று. அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"உள்ளே எவ்வளவு போகுதுன்னு சொல்ல வேண்டாம், மேடம். வெளியே என்ன வருதுன்னு சொல்லுங்க."

நான் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். குழுவில் படம் வந்த நாளிலிருந்து அந்த நாய் தின்றதையும் கழித்ததையும் நேரம் போட்டு எழுதி வைத்திருந்தேன். யாராவது என்னைக் கேட்டால் காட்டுவதற்கு. ஒருவரும் கேட்கவில்லை. அவர் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன, உங்க ஊர் எழுத்தா?"

"ஷார்ட்ஹேண்ட், டாக்டர் சாப்."

"படிங்க."

முப்பது வருஷமாக அதிகாரிகள் சொன்னதை எழுதி அவர்களுக்கே படித்துக் காட்டியிருக்கிறேன். அன்று முதல் தடவையாக நான் சொன்னதை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை போகிறது. சாணம் போலக் குவியலாக, வெளிறி, எண்ணெய்ப் பளபளப்போடு. போட்ட சோறு சோறாகவே தெரிகிறது. நாற்றம் தாங்கவில்லை. நான்கு பக்கம் படித்த பிறகு, "போதும்" என்றார். ஒரு வேளை பட்டினி போட்டு மறுநாள் ரத்தம் எடுக்கக் கூட்டிவரச் சொன்னார். அந்த வேளை நானும் சாப்பிடவில்லை. அது பட்டினி கிடக்கும்போது எப்படிச் சாப்பிடுவது?

ரத்தத்தை எங்கோ வெளியூர் அனுப்பிப் பார்த்து முடிவு வர பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. அவர் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"கணையம் வேலை செய்யல. சாப்பாட்டைச் செரிக்கவைக்கிற நீர் சுரக்கவே இல்லை. இந்த ஜாதி நாய்களுக்கு வருவதுண்டு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது பேராசை இல்லை, மேடம். நிஜமான பசி. நீங்க போட்டதெல்லாம் அப்படியே வெளியே போயிடுச்சு. இது நிறைந்த பாத்திரத்துக்கு முன்னால பட்டினி கிடந்திருக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். அது அவருடைய மேஜைக் காலை நக்கிக்கொண்டிருந்தது.

சிகிச்சை உண்டு, ஆனால் ஆயுளுக்கும் செய்ய வேண்டும் என்றார். சாப்பாட்டோடு கலக்க ஒரு பொடி இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கறிக்கடையில் ஆட்டின் கணையத்தை வாங்கி, பச்சையாக அரைத்து, சோற்றில் பிசைந்து, இருபது நிமிஷம் ஊறவைத்துக் கொடுப்பது. "சமைக்கக் கூடாது. சமைத்தால் அதில் ஒன்றும் இருக்காது" என்றார். பிறகு என் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "உங்களால் முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சந்து முனையில் நின்றேன். சீட்டில் அவர் ஹிந்தியில் ஒரே சொல் எழுதியிருந்தார். லப்லபா. கணையத்துக்குக் கறிக்கடையில் வழங்கும் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். காய்கறிக்கும் தேங்காய்க்கும் அங்கே எத்தனையோ முறை போயிருக்கிறேன். கறிக்கடை வரிசைப் பக்கம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வேகமாகத் தாண்டுவதுதான் வழக்கம். அன்று ஒரு கடைக்கு எதிரே நின்றேன். தோலுரித்த ஆடுகள் தொங்கின. கடைக்காரர் என்னை இரண்டு தடவை பார்த்தார்.

"மாதாஜி, சப்ஜி உதர் ஹை" என்று காய்கறிப் பக்கம் கை காட்டினார்.

"காய்கறி வேண்டாம், பையா" என்று சீட்டை நீட்டினேன்.

"லப்லபா?" அவர் கத்தியைக் கீழே வைத்தார். "இதை யாரும் கேக்க மாட்டாங்களே. தூக்கித்தான் போடறோம். யாருக்கு?"

"என் நாய்க்கு. அதுக்கு அது வேலை செய்யலை."

சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க அப்பாவுக்கும் அதுதான் வேலை செய்யல. சர்க்கரை" என்றார். உள்ளே போய்க் குடல் குவியலிலிருந்து தேடி எடுத்து, கழுவி, இரண்டு பாலிதீன் பைக்குள் போட்டு, உள்ளே இருப்பது என் கண்ணில் படாதபடி நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் எடுத்து வைக்கிறேன் என்றார். காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் அந்தப் பொட்டலம் என் மடியில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கோவிலுக்குப் போய் வருகிறேனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பால்கனியில் பழைய பேப்பரை விரித்து, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, புதிதாக வாங்கின கத்தரிக்கோலால் வெட்டினேன். வெளிறிய ரோஜா நிறம். நனைந்த துணி மாதிரி கையில் வழுக்கியது. ஒரு தடவை எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மீதியை வெட்டினேன். அதற்கென்று வாங்கின சின்ன மிக்ஸியில் அரைத்துச் சோற்றில் பிசைந்து வைத்தேன். ஊறுகிற இருபது நிமிஷமும் நாய் ஊளையிட்டது. அதற்கு எப்படிச் சொல்வது, இவ்வளவு நாள் போட்டது வேறு, இது வேறு என்று? பிறகு தலைக்குக் குளித்துவிட்டு மலை மந்திருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போவதாகத்தான் நினைத்திருந்தேன். சன்னதியில் நின்றபோது கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் நாயின் மலம் ஒழுங்காக வந்தது. அதைப் பார்த்து நான் பூங்கா ஓரத்தில் தனியாக நின்று சிரித்தேன். டாக்டர் வாரம் ஒரு வைட்டமின் ஊசியும் போட்டார். ஒரு மாதத்தில் முதுகெலும்பின் மேல் சதை மூடியது. மிதியடிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அப்புறம் ஒருநாள், பேசினில் ஒரு கைப்பிடி சோற்றை விட்டுவிட்டு அது நடந்து போய் விரிப்பில் படுத்துக்கொண்டது. உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து போய் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. அது என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டுத் தலையைக் கீழே வைத்தது. வயிறு நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பேசினைக் கையில் வைத்துக்கொண்டே தங்கைக்குப் போன் செய்தேன்.

"ஏட்டி, மிச்சம் வச்சிருச்சு! சோத்த மிச்சம் வச்சிருச்சு!"

பின்னால் பாத்திரச் சத்தமும் பல பேர் தெலுங்கில் பேசுவதும் கேட்டது. "நல்லதாப் போச்சுக்கா. இங்கன அவுக ஆளுக வந்திருக்காவ. பொறவு பேசுதேன், என்ன?" என்றாள்.

சரி என்றேன். அழுகை வந்தது. அது சந்தோஷத்துக்கா, எதற்கு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. காலனி குழுவில் நாயின் புதுப் படத்தைப் போட்டு, அதற்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்று நாலு வரி எழுதினேன். ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. யாருடைய எண் என்று தெரியவில்லை.

பழைய நேரத்துக்கே பூங்காவுக்குப் போக ஆரம்பித்தேன். பிஸ்கட் வைக்கும் அந்தப் பெண் எதிரே வந்தாள். நாயைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. குனிந்து அதன் கழுத்தைத் தடவினாள்.

"பாருங்க, இப்பத்தானே ஒழுங்கா சாப்பாடு போடறீங்க! அன்னிக்கு நான் படம் போட்டது நல்லதாப் போச்சு, இல்லையா? தப்பா எடுத்துக்காதீங்க."

சொல்லியிருக்கலாம். நோட்டு கூடப் பையில் இருந்தது. "ஜி" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

நாய் தேறத் தேற இன்னொன்றும் நடந்தது. அது என் பின்னால் வருவதை நிறுத்திவிட்டது. சமையலறையில் நிற்கும்போது காலோடு ஒட்டுவதில்லை. குளியலறை வாசலில் படுப்பதில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் பால்கனிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பிக்கு நடுவே மூக்கை விட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். கூப்பிட்டால் வரும். வாலை ஆட்டும். சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும். நல்ல ஆரோக்கியமான நாய் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். அது என்னைத்தான் தொடர்கிறது என்று மாதக்கணக்கில் நினைத்திருந்தேன். அது சோற்றைத்தான் தொடர்ந்திருக்கிறது. இதை அறிந்த அன்று மறுபடியும் கூடத்தில் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். யாரும் பார்க்கவில்லை. கவளம் தடையில்லாமல் இறங்கியது. அந்தப் பார்வை இல்லாதது எனக்குச் சங்கடமாக இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

குளிர்காலம் ஆரம்பித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பழைய கீழ் வீட்டுப் பெண். குழுவிலிருந்து அவள் இன்னும் விலகியிருக்கவில்லை போலும், படத்தைப் பார்த்திருக்கிறாள். திருப்பிக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள், கேட்டால் என்ன சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டேன்.

"தீதீ, எப்படி இவ்வளவு தேறிச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

நான் சொன்னேன். கணையம், பட்டினி, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும்.

"ஹம்னே உஸே பஹுத் மாரா ஹை, தீதீ" என்றாள். நாங்கள் அதை ரொம்ப அடித்திருக்கிறோம். பையன்களின் டிபனைத் திருடியதற்காக. வீட்டை அசிங்கம் செய்ததற்காக. ஒருநாள் முழுக்க அதன் வாயைத் துப்பட்டாவால் கட்டிப் போட்டிருந்தார் என்று கணவரைப் பற்றிச் சொன்னாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றாள்.

"நானும் அடிச்சிருக்கேன்" என்றேன்.

அந்தப் பக்கம் மழை பெய்வது கேட்டது. பிறகு அவள், போனை அதன் காதருகே வைக்க முடியுமா என்று கேட்டாள். பால்கனிக்குப் போய் வைத்தேன். அவள் அவர்கள் வைத்திருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு தடவை, மூன்று தடவை. நாய் ஒரு காதை மட்டும் நிமிர்த்தி, என்னவோ என்று கேட்டது. பிறகு காதை மடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தது.

"என்ன செய்யுது, தீதீ?" என்று கேட்டாள்.

"வாலை ஆட்டுது" என்றேன்.

அவள் அழுதுகொண்டே நன்றி சொன்னாள். திருப்பித் தா என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு கூப்பிடவும் இல்லை. நான் நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சிமெண்ட் தரை சில்லென்றிருந்தது. கீழ் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நாய் அவர்களைப் பார்த்தது, நானும் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அது எழுந்து இடம் மாறிப் படுத்தது. அதன் முதுகு என் முழங்காலில் லேசாக இடித்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.